கீழுதட்டு முத்து

2022 அக்டோபர் 25, செவ்வாய்க்கிழமை மாலை, பகுதி சூரிய கிரகணம். தீபாவளிக்கு மறுநாள். கூடலூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் சுருளியின் திராட்சைப் பந்தலில் கிரகணம் தெரியவில்லை. அது தொடங்குவதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

அன்று அந்தப் பந்தலில் அறுப்பு. தீபாவளிக்குப் போன கூலியாட்கள் திரும்பவில்லை. பழம் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறவேண்டிய வண்டி பாதையில் வந்து காத்து நின்றது. அதனால் வீட்டு ஆட்களே இறங்கினார்கள். சுருளி, அவர் மனைவி சங்கிலியம்மாள், மகன் சூரியபிரகாஷ், மருமகள் திரிஷா. திரிஷாவுக்கு நாலு மாதம் முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. பன்னீர்த் திராட்சையைப் பழத்தில் கைபடாமல் காம்பைப் பிடித்து வெட்ட வேண்டும். மேலே படர்ந்த சாம்பல் பூச்சு கலைந்தால் வியாபாரி முகம் சுளிப்பார். திரிஷாவுக்கு அந்தக் கை பழகியிருந்தது. கத்தரியை அவளிடம் எடுத்துக் கொடுத்தது யார் என்பது பிறகு யாருக்கும் நினைவில்லை.

பந்தலுக்குள் வெளிச்சம் எப்போதும் பச்சையாக இருக்கும். இலைகளுக்கு மேல் காற்று ஓடும், கீழே அசைவிருக்காது. ஆட்கள் தலைக்கு மேல் கையைத் தூக்கியபடி, நீருக்குள் நடப்பவர்களைப் போல மெல்ல நகர்வார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தார்கள். பெட்டிகள் நிரம்பின. வண்டி போயிற்று.

மார்ச் மாதம் தேனி பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இடது நாசியிலிருந்து மேலுதடு பிளந்திருந்தது. வாயைத் திறந்தால் அண்ணத்திலும் பிளவு தெரிந்தது. கீழுதட்டில், நடுவுக்கு இரண்டு பக்கமும், ஊசி நுனியால் அழுத்தினது போல இரண்டு சிறு குழிகள். பிளந்த மேலுதட்டைப் பார்த்த கண்கள் கீழுதட்டுக்கு வரவே இல்லை.

பிள்ளைக்கு மார்பில் உறிஞ்ச முடியாது. பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் ஊற்றி, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சாய்ந்தால் மூக்கு வழியாக வந்துவிடும். இதை ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். திரிஷா கற்றுக்கொண்டாள். ஒரு வேளைப் பால் கொடுத்து முடிக்கும்போது அடுத்த வேளைக்குப் பீய்ச்சும் நேரம் வந்துவிடும். அவளைத் தாய்வீட்டுக்கு, ஜெயமங்கலத்துக்கு அழைத்துப் போனார்கள். அது வழக்கம்தான்.

சுருளி பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் அவர் உதட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுருளியின் கீழுதட்டில் இரண்டு குழிகள் உண்டு. அவர் அப்பாவுக்கும் இருந்தன. பிறக்கும்போதே குலசாமி ஆத்தா நகத்தால் கிள்ளிவிட்ட இடம் என்பது அந்தக் குடும்பத்துப் பேச்சு. சில நேரம் அந்தக் குழிகளில் ஈரம் ஊறி, கடுகளவு, பிறகு மிளகளவு, ஒளியோடு ஒரு துளி நிற்கும். அதற்கு முத்து கட்டுவது என்று பெயர். சாரல் போகத்துக்காகக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்துக்கு முன், பக்கத்துப் பந்தல்காரர்கள் விடியலில் சுருளியின் பந்தலில் கூடுவார்கள். மூன்று கல் வைத்துப் பொங்கல் பொங்கும். சுருளி வெறும் வயிற்றோடு மேற்கே பார்த்து நிற்பார். முத்து கட்டினால் அன்று கத்தரி வைக்கலாம். கட்டவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அவர் சொல்லி வெட்டிய பந்தல்கள் காய்க்காமலும் போயிருக்கின்றன, நன்றாகவும் காய்த்திருக்கின்றன. யாரும் கணக்கு வைத்ததில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் அவரைப் பார்த்தால் வயதில் மூத்தவர்களும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்தார்கள். வேறெந்தக் காரணத்துக்காகவும் அல்ல, அந்த உதட்டுக்காக.

பங்குனியில் தன் பந்தலுக்கு அவர் மருந்தடிக்கும்போது, பக்கத்துப் பந்தல்காரர்கள் நாலு பேர் பிள்ளையைப் பற்றிக் கேட்டார்கள். சுருளி மயில்துத்தத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை நீலம். நிமிராமல், மருமகள் கிரகணத்தில் கத்தரி பிடித்துவிட்டாள், ஆத்தா காட்டிவிட்டாள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது அன்று மாலைக்குள் கூடலூருக்கும், இரண்டாம் நாள் ஜெயமங்கலத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வர வேண்டும். சுருளி, கவாத்து முடியட்டும் என்றார்.  சூரியபிரகாஷ் ஜீப்பை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அவன் வேலை, விடியலில் கூடலூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவது. மாலையில் திரும்ப அழைத்து வருவது. அந்த நேரத்தில் கேரளத்து மேகம் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வழிந்துகொண்டிருக்கும். ஜீப் அதற்குள் நுழைந்தால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் மிதக்கும். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். ராஜாத்தி மட்டும் தூங்க மாட்டாள். முன் சீட்டில் உட்கார்ந்து வெற்றிலையோடு பேச்சையும் மென்றுகொண்டே வருவாள்.

“ஏலே சூரியா, கெரகணம் ஒங்க பந்தலுக்கு மட்டுமா வந்துச்சு?” என்றாள் ஒருநாள். “அன்னைக்கு நானுந்தான் மீன் அறுத்தேன். எம்மருமக மாசமா பக்கத்துல ஒக்காந்து வெங்காயம் உரிச்சா. எம்பேரன் உருண்டையா இருக்கான். எங்க வீட்டு மீனு என்ன, கெரகணத்துக்குச் சொந்தக்கார மீனா?”

அவன் சிரிக்கவில்லை.

“சிரிக்க வேணாம். மதுரையில ஒதட்டுக்குன்னே டாக்டர் இருக்காக. எங்க எஸ்டேட் கணக்கப்பிள்ள மகனுக்குத் தச்சு, இப்ப மீசை வச்சுக்கிட்டு அலையிறான். பிள்ளையத் தூக்கிட்டுப் போ. ஒங்கப்பன் வாயப் பாத்துக்கிட்டே நின்னா அது தானாவா கூடும்?”

அவன் அந்த வாரமே ஜெயமங்கலம் போய், திரிஷாவையும் பிள்ளையையும் மதுரைக்கு அழைத்துப் போனான். வீட்டில் சொல்லவில்லை.

உதட்டைத் தைக்கும் டாக்டர், தைப்பதற்கு முன் இன்னொருவரைப் பார்க்கச் சொன்னார். பரம்பரை நோய்களைப் பார்க்கும் டாக்டர் ஜெபஷீலா. அவர் பிள்ளையைத் தூக்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். மேலுதட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு கீழுதட்டை நெடுநேரம் பார்த்தார். சூரியபிரகாஷைக் கூப்பிட்டு அவன் கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். அவனுக்கும் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஆழமில்லை, ஈரம் கட்டாது. அதனால் ஊர் அவனைக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. உங்கள் அப்பாவுக்கு உண்டா என்று டாக்டர் கேட்டார். அவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். போன வருடக் கவாத்தன்று எடுத்தது. சுருளி மேற்கே பார்த்து நிற்கிறார். உதட்டில் இரண்டு துளிகள் மின்னுகின்றன.

டாக்டர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அது எச்சில் என்றார். உதட்டுக்குள் இருக்கும் சின்ன எச்சில் சுரப்பி அந்தக் குழியில் வந்து திறக்கிறது. பசி வந்தால், சோறு வேகும் வாசம் வந்தால் ஊறும். குழியும் பிளவும் ஒரே குறையின் இரண்டு முகம். ஒரு ஜீனில் இருக்கும் மாற்றம். ஒரே வீட்டில் ஒருவருக்குக் குழி மட்டும் வரும், ஒருவருக்கு உதடு பிளக்கும், ஒருவருக்கு அண்ணம் மட்டும் திறந்து பேச்சு மூக்கில் வரும். யாருக்கு எது வரும் என்று முன்னால் சொல்ல முடியாது. அந்த மாற்றம் உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு. உறுதி செய்ய ரத்தம் எடுத்து அனுப்பலாம்.

திரிஷா கிரகணத்தைப் பற்றிக் கேட்டாள். கத்தரியைப் பற்றியும் சொன்னாள்.

“மேலுதடு ரெண்டாம் மாசத்துலயே சேர்ந்து முடிஞ்சிரும்மா. அண்ணம் மூணாம் மாசத்துல. நீங்க கத்தரி பிடிச்சப்ப எல்லாம் முடிஞ்சு போயிருக்கு. நீங்க எதுவும் செய்யல.”

திரிஷா அழவில்லை. அதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டு, போனில் பதிவு செய்துகொண்டாள்.

திரும்பும் வழியில் சூரியபிரகாஷ் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். வாடிப்பட்டி தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றுப்பாலத்தில் வண்டி ஏறும்போது சொன்னாள்.

“நான் கூடலூருக்கு வாரேன். ஒங்கப்பா எங்கன நின்னு சொன்னாகளோ, அங்கனயே நின்னு, யார் யார் கேட்டாகளோ அவுகளுக்கு முன்னால, இது ஏங்கிட்டருந்து போனதுன்னு சொல்லட்டும். அன்னைக்கு வாரேன். இல்லாட்டி வர மாட்டேன்.”

“அவரு எப்பிடிச் சொல்லுவாரு திரிஷா?”

“கிரகணம்னு எப்பிடிச் சொன்னாக? அப்பிடித்தேன்.”

கூடலூரில் அவன் அம்மாவையும் அப்பாவையும் அடுப்படியில் உட்கார வைத்து, திரிஷா அனுப்பிய பதிவைப் போட்டுக் காட்டி, குழியையும் பிளவையும் பற்றி டாக்டர் சொன்னதையும் திரிஷா கேட்டதையும் சொன்னான். அது முடிந்ததும் சுருளி, ஆத்தா கொடுத்ததுக்கு டாக்டரம்மா பேர் வைக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். சங்கிலியம்மாள் கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள், கரண்டியை நிறுத்தினாள்.

“ஒங்க தம்பி மூக்குல பேசுவாரே” என்றாள்.

சுருளியின் தம்பி மூக்கால்தான் பேசினார். சோடா குடித்தால் மூக்கில் வரும் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காசு போட்டு வாங்கிக் கொடுத்துச் சிரித்தார்கள். பதினாறு வயதில் கேரளம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மலையாளத்தில் பேசினால் தன் குரல் தனக்கே வித்தியாசமாகத் தெரிவதில்லை என்று ஒரு கல்யாணத்தில் சொன்னாராம். அவர் உதட்டிலும் குழி இருந்தது. சங்கிலியம்மாள் குழம்பை இறக்கினாள். சுருளி சாப்பிடாமல் எழுந்து பந்தலுக்குப் போனார்.

அடுத்த நாட்களில் அவர் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டீக்கடையில் வடை போடும்போது ஈரம் கட்டியது. வீட்டில் ரசம் தாளிக்கும்போது கட்டியது. முன்பும் கட்டியிருக்கும். அப்போதெல்லாம் துடைத்துவிட்டுப் போயிருப்பார். கவாத்துக் காலையில் கட்டினதை மட்டும்தான் முத்து என்று வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். தேனியில் இறங்கி வண்டி மாறி, அல்லிநகரம் கடந்து, ஜெயமங்கலத்தில் இறங்கும்போது உச்சி வெயில். கரும்புத் தோட்டங்கள் சத்தமில்லாமல் நின்றன. வீட்டில் திரிஷா மட்டும் இருந்தாள். அவள் அப்பா கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார். பிள்ளை பசியில் முனகிக்கொண்டிருந்தது. பீய்ச்சிய பால் டம்ளர் வெந்நீர்ப் பாத்திரத்தில் இருந்தது.

வாங்க மாமா என்றாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு, கையில் வேலை இருந்ததால், பிள்ளையை அவர் மடியில் வைத்தாள்.

“நெட்டுக்குத்தாப் பிடிங்க. சாச்சா மூக்குல ஏறும்.”

பிறந்து மூன்று மாதத்தில் அன்றுதான் அவர் பிள்ளையைப் பார்த்தார். கழுத்துக்கு ஒரு கையும் முதுகுக்கு ஒரு கையும் கொடுத்துப் பிடித்திருந்தார். அவர் கைகளில் மயில்துத்தத்தின் நீலம் நகக்கண்ணில் தங்கியிருந்தது. திரிஷா டம்ளரைத் திறந்தாள். பால் வாசம் வந்தது. பிள்ளை முனகலை நிறுத்தி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியது. கீழுதட்டில் இரண்டு குழிகளும் நனைந்தன. கடுகளவு. பிறகு இன்னும் கொஞ்சம். இரண்டு துளிகள் ஒளியோடு எழும்பி நின்றன.

சுருளி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எங்கோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

திரிஷா துணி நுனியால் அந்தத் துளிகளைத் துடைத்தாள். பாலாடையைக் கன்னத்தோரம் வைத்தாள்.

“ஒங்களுக்குக் கட்டுனா ஊரே கும்பிடுது மாமா. இவளுக்குக் கட்டுனா நான் தொடைக்கிறேன். அம்புட்டுதேன் வித்தியாசம்.”

பாலாடை பாதி காலியானதும் அவர் பேசினார். “சொல்லிட்டா பெறகு கவாத்துக்கு ஒருத்தனும் என்னையத் தேட மாட்டான்.”

“நம்ம பந்தல் நமக்கு இருக்குல்ல.”

“அது பந்தல் விசயம் இல்ல ஆத்தா. நான் எட்டாவதுகூட முடிக்கல. நெலம் பங்காளிககிட்ட இருக்கிறதவிடக் கம்மி. என்னைய நாலு பேரு மதிக்கிறது இந்த ஒதட்டுக்குத்தேன். அதையும் குறைன்னுட்டா நான் யாரு?”

திரிஷா பாலாடையை மறுபடி நிரப்பினாள்.

“அது எனக்குத் தெரியாது மாமா. நாளைக்கு இவ பள்ளிக்கூடம் போவா. ஏன் ஒன் ஒதடு இப்பிடி இருக்குன்னு கேப்பாக. ஒங்கம்மா செஞ்ச பாவம்னு ஒருத்தன் சொல்லுவான். அத அவ கேக்கக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதேன்.”

பால் முடியும்வரை அவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை மரத்துப்போனது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டார்.  பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார். சின்னமனூர் தாண்டியதும் காற்றில் சாரல் வந்தது. நெல்வயல்களும் தென்னைகளும் வெள்ளைக்குள் போய்விட்டு, திரும்பி வந்தன.

வைகாசி கடைசியில் கவாத்துக் காலை. மேகம் மலையிலிருந்து இறங்கிப் பந்தலுக்கு மேல் படுத்திருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகத் தலையில் துண்டோடு அதற்குள்ளிருந்து வெளிப்பட்டார்கள். பானையில் அரிசி கொதித்தது. பங்காளி பலவேசம் வழக்கம்போல் முன்னால் நின்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேலி உண்டு. அண்ணன் போன வாரம் ஜெயமங்கலத்தில் மருமகள் கைச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார், இந்தத் தடவை முத்து சோழியளவு கட்டும் என்றார். சிரித்தார்கள்.

சுருளி மகனைக் கூப்பிட்டு, திரிஷாவுக்குப் போன் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு மேற்கே திரும்பாமல் ஆட்களைப் பார்த்து நின்றார்.

“பங்குனியில இங்கன நின்னு ஒண்ணு சொன்னேன். மருமக கெரகணத்துல கத்தரி பிடிச்சதாலதேன் பிள்ளைக்கு அப்பிடின்னு. அது தப்பு. அவ ஒண்ணும் செய்யல. அது ஏங்கிட்டருந்து போனது.” கீழுதட்டை விரலால் தொட்டார். “இந்தக் குழிதேன். எனக்குக் குழியோட நின்னுச்சு. பிள்ளைக்கு மேல ஏறிப் பொளந்திருச்சு. மதுரையில சொல்லிட்டாக. நானும் எங்கண்ணால பாத்தேன். பிள்ளைக்கும் இதே எடத்துல கட்டுது. பால் வாசத்துக்குக் கட்டுது.”

 பொங்கல் வழிந்து நெருப்பில் சுரீரென்றது. ஒருவர் குனிந்து விறகை இழுத்தார்.

பலவேசம் முன்னால் வந்தார். தன் கீழுதட்டை இழுத்துக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும், நகம் பதிந்தது போல ஒரு பள்ளம்.

“அண்ணே, இதுவும் அதுதானா?”

சுருளி பார்த்தார். இருக்கும் என்றார்.

“எனக்குக் கட்டலையேன்னு இம்புட்டு வருசம் வயிறெரிஞ்சேன். ஆத்தா ஒனக்கு ரெண்டு கிள்ளு கிள்ளிட்டு எனக்கு அரைக் கிள்ளோட போயிட்டாளேன்னு.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “எம்மக சிம்ரனுக்கும் இருக்கு. ஆவணியில கல்யாணம் வச்சிருக்கேன். ஆளுகள வச்சுக்கிட்டா சொல்லுவ இத? எங்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாம்ல?”



பின்னாலிருந்து ஒருவர், அதெல்லாம் இருக்கட்டும், இன்றைக்கு வெட்டலாமா வேண்டாமா, அதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். ஆட்கள் சுருளியின் உதட்டைப் பார்த்தார்கள். பொங்கல் வாசத்தில் துளி கட்டியிருந்தது. சுருளி புறங்கையால் அதைத் துடைத்தார்.

“போன்ல மழை சொல்றான்ல. அதப் பாத்து வெட்டுங்க.”

கத்தரியை எடுத்துத் தன் பந்தலின் முதல் கொடியில் வைத்தார். சிலர் அன்றே வெட்டினார்கள். சிலர் ஆனி பிறக்கட்டும் என்று திரும்பிப் போனார்கள். இரண்டு வகைப் பந்தல்களிலும் அந்த வருடம் பிஞ்சு ஏறக்குறைய ஒன்றுபோலவே பிடித்தது. அடுத்த வருடக் கவாத்துக்கு அவர் பந்தலில் யாரும் கூடவில்லை.

அன்று காலை எல்லாம் முடிந்து சூரியபிரகாஷ் போனைக் காதில் வைத்தபோது இணைப்பு இருந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்றாள் திரிஷா. ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வரச் சொன்னாள்.

பலவேசம் மாப்பிள்ளை வீட்டில் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். பிறகு வரவில்லை. சுருளியும் பலவேசமும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

ஆவணியில் மதுரையில் பிள்ளையின் மேலுதட்டைத் தைத்தார்கள். கீழுதட்டுக் குழிகளையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார். சுருளி எடுத்துவிடச் சொன்னார். திரிஷா வேண்டாம் என்றாள். பெரியவளானதும் அவளே சொல்லட்டும் என்றாள். டாக்டர்கள் குழிகளைத் தொடவில்லை. அண்ணத்தை அடுத்த வருடம் சித்திரையில் மூடினார்கள்.